கடற்காற்றுக்கும் கச்சான் வெயிலுக்கும் ஈடுகொடுக்கும் அலுவலகக் கதிரை: அளந்து, கவிழ்த்து, இருந்து பார்த்து வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

கதிரை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மூன்றைத்தான் பார்க்கிறார்கள்: விலை, நிறம், முதுகுப் பக்கம் எவ்வளவு உயரம் என்பது. நாள் முழுக்க அதில் இருக்கப் போகும் நாரிக்கும் தொடைக்கும் இந்த மூன்றாலும் பெரிய பலன் கிடையாது. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வங்கி, பிரதேச செயலகம், கணக்காளர் அலுவலகம் என்று மேசை வேலை செய்பவர்கள் நிறையப் பேர். வீட்டில் இருந்தபடியே கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலை செய்யும் பிள்ளைகளும் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நாரி நோகிறது, பிடரி பிடிக்கிறது என்று அவர்கள் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் நான் முதலில் கேட்பது, கதிரையை எப்படித் தெரிவுசெய்தீர்கள் என்பதுதான். கதிரையை உடம்புக்கு அளந்து வாங்க வேண்டும். அதோடு, உப்புக் காற்றும் வியர்வையும் உள்ள நம் ஊருக்கு அது தாக்குப்பிடிக்குமா என்றும் பார்க்க வேண்டும். இரண்டையும் வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: கடைக்குப் போகுமுன் உடம்பை அளவெடுங்கள்

ஒரு அளவு நாடா, சுவரோடு சேர்த்துப் போட்ட தட்டையான வாங்கு, அளந்து சொல்ல வீட்டில் ஒருவர். இவ்வளவும் போதும்.

முதல் அளவு, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை. பாதம் முழுதாகத் தரையில் பட்டிருக்க வேண்டும். கதிரையின் இருக்கை ஏறக்குறைய இந்த உயரத்துக்கு இறங்க வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அலுவலகத்தில் சப்பாத்தோடு இருப்போம், வீட்டில் வெறுங்காலோடு இருப்போம். அந்த வித்தியாசமே இரண்டு மூன்று செ.மீ. வரும். ஆகவே வீட்டு வேலைக்கு வாங்குகிறீர்கள் என்றால் வெறுங்காலோடு அளவெடுங்கள், கடையிலும் செருப்பைக் கழற்றிவிட்டு இருந்து பாருங்கள். 43 செ.மீ.க்குக் கீழே இறங்காத கதிரைகள் சந்தையில் நிறைய உண்டு. ஐந்தடி, ஐந்தடி இரண்டங்குல உயரம் உள்ளவர்களுக்கு அவற்றில் குதிக்கால் அந்தரத்தில் தொங்கும், இருக்கையின் முன்விளிம்பு தொடையை அழுத்தும். மாலையில் கால் மரத்துப்போவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இரண்டாவது, தொடையின் நீளம். பின்புறம் சுவரில் ஒட்டும்படி வாங்கில் இருந்துகொண்டு, சுவரிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளக்கவும். அதில் ஐந்து செ.மீ. கழித்தால் வருவதுதான் உங்களுக்குப் பொருந்தும் இருக்கை ஆழம். இருக்கை அதைவிட ஆழமாக இருந்தால் முதுகு சாய்வில் படாது. படவைக்கப் பின்னால் சறுக்கினால் முழங்கால் மடிப்பு வெட்டுப்படும். ‘பெரிய கதிரை, நல்ல வசதி’ என்று நினைத்து வாங்கும் முதலாளிக் கதிரைகளில் இந்தக் குறை அதிகம்.

மூன்றாவது, இருக்கையிலிருந்து முழங்கை வரை. தோளை இலகுவாக விட்டு, கையை மடக்கிக்கொண்டு அளக்கவும். இது அடுத்த படிக்குத் தேவை.

படி 2: மேசையை மறக்க வேண்டாம்

இந்த இடத்தில்தான் பலருடைய நோவு ஒளிந்திருக்கிறது என்பது என் எண்ணம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் அளவையும் மூன்றாவது அளவையும் கூட்டுங்கள். ஒரு பெண்ணுக்கு முழங்கால் மடிப்பு 40 செ.மீ., முழங்கை 22 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 62. அவருடைய விரல்கள் இலகுவாகத் தட்டச்சுச் செய்ய வேண்டிய உயரம் ஏறக்குறைய அதுதான். ஆனால் கடையில் விற்கும் மேசையும் நம் தச்சர் அடித்துத் தரும் மேசையும் வழக்கமாக 73 முதல் 76 செ.மீ. உயரம். பத்துச் செ.மீ.க்கு மேல் வித்தியாசம்! அந்த மேசையில் வேலை செய்ய அவர் தோளைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு விலை கொடுத்துக் கதிரை வாங்கினாலும் பிடரி நோ மாறாது.

இதற்கு மூன்று வழிகள். மேசை மரமாக இருந்து, வேறு யாரும் அதைப் பாவிக்காவிட்டால், தச்சரைக் கூப்பிட்டுக் காலை அறுத்துக் குறைக்கலாம். அரை நாள் வேலைகூட இல்லை, பலன் ஆண்டுக்கணக்கில். அறுக்க மனமில்லை என்றால் மேசைக்குக் கீழே இழுப்புத் தட்டு ஒன்று பூட்டி அதில் கீபோர்டையும் மவுஸையும் வைக்கலாம். தட்டு தொடையில் இடிக்காதபடி இடம் விட வேண்டும். அலுவலக மேசை, இரண்டும் முடியாது என்றால், கதிரையை மேசைக்கு ஏற்ற அளவு உயர்த்திவிட்டு, அந்த வித்தியாசத்துக்குக் காலடியில் ஒரு பலகை வையுங்கள். சாய்வாக இருந்தால் இன்னும் நல்லது. பலகை இரண்டு பாதமும் தாராளமாக வைக்கக்கூடிய அகலத்தில் இருக்க வேண்டும்.

கதிரையில் கைப்பிடி இருந்தால் அது மேசைக்குக் கீழே போகுமா என்றும் அளந்துகொள்ளுங்கள். போகாவிட்டால் கதிரை மேசையை விட்டுத் தள்ளியே நிற்கும், நீங்கள் முன்னுக்குக் குனிந்தே வேலை செய்வீர்கள்.

படி 3: எந்தத் துணி, எந்தக் கால்

வெளிநாட்டு விமர்சனங்களைப் பார்த்து வாங்குகிறவர்கள் தவறவிடும் பகுதி இது. குளிரூட்டிய அறைக்குச் சொல்லப்பட்ட புத்திமதி, கச்சான் காற்று அனலாக அடிக்கும் மாதங்களில் ஒரு மின்விசிறிக்குக் கீழே இருந்து வேலை செய்பவருக்குப் பொருந்தாது.

கடையில் ‘லெதர்’ என்று காட்டுவது பெரும்பாலும் பொலியூரித்தேன் பூசிய துணி. ஈரப்பதமும் சூடும் சேர்ந்தால் அந்தப் பூச்சு உள்ளுக்குள்ளேயே சிதைந்து, சில வருடங்களில் செதில் செதிலாக உரியத் தொடங்கும். உரியத் தொடங்கினால் ஒட்டிச் சரிசெய்ய முடியாது, வேறு துணி போட்டுத் தைப்பதுதான் வழி. உரியாத காலத்திலும் முதுகு வேர்த்து சேட்டோடு ஒட்டும். நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை.

மெஷ் என்கிற வலைத்துணி முதுகு நம் வெயிலுக்கு மிகப் பொருத்தம். 1994 இல் பில் ஸ்டம்ப், டொன் சட்விக் இருவரும் ஹேர்மன் மில்லர் நிறுவனத்துக்காக வடிவமைத்த ஏரோன் என்ற கதிரை, முதுகிலும் இருக்கையிலும் ஃபோமே இல்லாமல் வலையை மட்டும் இழுத்துக் கட்டி வந்தது. அதன் பிறகுதான் வலைக் கதிரை உலகம் முழுவதும் பரவியது. முதுகுக்குக் காற்று விடும் பிரம்புப் பின்னல் கதிரைகள் நம் பழைய கந்தோர்களில் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தவை.

ஆனால் வலையிலும் தரம் உண்டு. உள்ளங்கையால் நன்றாக அழுத்துங்கள். எடுத்தவுடன் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இழைகள் ஒரே சீராகத் தெரிய வேண்டும், சட்டத்தோடு சேரும் ஓரத்தில் நூல் பிரிந்திருக்கக் கூடாது. நடுத்தர விலையில் வாங்குவோருக்கு என் தெரிவு, முதுகு வலை, இருக்கை துணி போர்த்திய ஃபோம். மலிவான வலை இருக்கை சீக்கிரம் தொய்யும். தொய்ந்ததும் முன்பக்கச் சட்டம் தொடைக்குக் கீழே முட்டும்.

ஃபோமைச் சோதிக்கக் கைவிரல்களைப் பொத்தி, அந்தக் கையை இருக்கையின் நடுவில் உடல் பாரத்தோடு ஊன்றுங்கள். அடியில் உள்ள பலகை கைக்குத் தட்டுப்பட்டால் அதை விட்டுவிடுங்கள். கடையில் பஞ்சுமெத்தையாகத் தோன்றும் ஃபோம்தான் முதலில் அமுங்கிப்போகும். கொஞ்சம் இறுக்கமாக இருப்பதே நல்லது.

ஓட்டப் பந்தயக் கார் ஆசனம் போல் வரும் கேமிங் கதிரைகளைப் பிள்ளைகள் விரும்பிக் கேட்பார்கள். பெரும்பாலானவை ரெக்சின் போர்த்தவை, பக்கங்களில் உயர்ந்திருக்கும் விளிம்புகள் தொடையையும் தோளையும் நெருக்கும். அதே காசுக்கு வலை முதுகுக் கதிரை ஒன்று எடுப்பது உடம்புக்கு நல்லது.

அடுத்தது உப்புக் காற்று. கல்லடி, காத்தான்குடி, கல்முனை, நிந்தவூர், திருக்கோவில் என்று கடலைப் பார்த்த வீடுகளில் பளபளக்கும் குரோம் பூசிய இரும்புக்கால் நீண்ட நாள் அப்படியே இருக்காது. பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் போதும், துரு அங்கிருந்து பரவும். தடித்த நைலோன் கால், அல்லது அலுமினியக் கால் எடுங்கள். செங்கலடி, சம்மாந்துறை போலக் கடலுக்குச் சற்றுத் தள்ளி இருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

படி 4: கடையில் முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

வெட்கப்பட வேண்டாம். “நானா, இதை ஒருக்காக் கவிழ்த்துப் பார்க்கலாமா?” என்று கேளுங்கள். “பாருங்க தம்பி, அதுக்கென்ன” என்று அவரே ஒரு பக்கம் பிடித்துக் கொடுப்பார். கவிழ்க்க விடாத கடையில் வாங்கத் தேவையில்லை.

அடியில் பார்க்க வேண்டியவை பல. கால் ஐந்து கிளையாக இருக்க வேண்டும். நான்கு கிளையில் சில்லுப் பூட்டியது சரிந்து விழக்கூடும். நைலோன் காலின் உட்புறத்தில் குறுக்கு விலாக்கள் நெருக்கமாக ஓட வேண்டும். ஒவ்வொரு கிளையும் நடுவோடு சேரும் இடத்தை விரலால் தடவி, வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கால் உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

உயரத்தை ஏற்றி இறக்கும் சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட நைதரசன் வாயு இருக்கிறது. அதன் உருளைக்குழாயின் தடிப்பை வகுப்பு 1, 2, 3, 4 என்று குறிப்பார்கள். உருளையில் ஒட்டியோ பொறித்தோ இருக்கும். நாளாந்தம் பாவிக்கும் கதிரைக்கு 3 ஆம் வகுப்புக்குக் குறையாமலும், பாரமான உடம்பென்றால் 4 ஆம் வகுப்பும் எடுங்கள். குறிப்பே இல்லாத உருளையை நான் நம்புவதில்லை. உயரம் குறைந்தவர்கள் குட்டைச் சிலிண்டர் கிடைக்குமா என்றும் கேட்கலாம், அவை பல நீளங்களில் வருகின்றன.

சிலிண்டருக்கும் இருக்கைக்கும் நடுவில் உள்ள இரும்புப் பெட்டிதான் கதிரையின் மூளை. அதில் இழுத்து இயக்கும் நெம்பு ஒன்று மட்டும் இருந்தால், அதிகம் போனால் உயரம் மாற்றலாம், முழுக் கதிரையையும் பின்னால் சாய்க்கலாம். அப்படிச் சாய்ந்தால் முன்விளிம்பு உயர்ந்து பாதம் தரையை விட்டுக் கிளம்பும். சிங்க்ரோ எனப்படும் வகையில் முதுகு இரண்டு பங்கு சாய்ந்தால் இருக்கை ஒரு பங்குதான் சாயும், பாதம் தரையிலேயே இருக்கும். எட்டு மணி நேரம் இருப்பவர்கள் காசு கூடக் கொடுத்தாவது இதை எடுக்கலாம். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் மேலதிகமாகச் செலவழிப்பீர்கள் என்றால், அது இதற்காக இருக்கட்டும்.

சில்லுகள். நம் வீடுகளில் மாபிள் தரை அல்லது சீமெந்துத் தரை. கட்டியான நைலோன் சில்லு கம்பளத் தரைக்கு ஏற்றது. மாபிளில் அது சறுக்கும், சத்தம் போடும், கீறும். வெளிவட்டம் மென்மையான பொலியூரித்தேன் சில்லு கேளுங்கள்.

பெட்டியில் பிஃப்மா என்றோ ஈஎன் 1335 என்றோ இருந்தால் என்ன அர்த்தம் என்று கேட்பவர்கள் உண்டு. முன்னது அமெரிக்கத் தளபாட உற்பத்தியாளர் சங்கத்தின் தர அளவுகோல், பின்னது ஐரோப்பியத் தரம். கதிரையின் பலத்தையும் பாதுகாப்பையும் சோதிக்கும் முறைகள் அவற்றில் உண்டு. ஆனால் சிலிண்டர் மட்டும் சோதனையில் தேறியிருக்க, முழுக் கதிரையும் தேறியது போல எழுதியிருப்பார்கள். எந்தப் பகுதிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: இருந்து பாருங்கள், அவசரப்படாமல்

இரண்டு நிமிடம் இருந்தால் எல்லாக் கதிரையும் நன்றாகத்தான் இருக்கும். பதினைந்து இருபது நிமிடமாவது இருங்கள். கடையில் சனம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போவது நல்லது.

பின்புறத்தை முழுதாகப் பின்னால் தள்ளி இருந்துகொண்டு, முழங்கால் மடிப்புக்கும் முன்விளிம்புக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் போகிறதா என்று பாருங்கள். முதுகுச் சாய்வின் புடைப்பு உங்கள் பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே, முதுகு உள்வாங்கும் வளைவில் பொருந்த வேண்டும். மேலே நின்றால் உங்களை முன்னுக்குத் தள்ளும், கீழே நின்றால் ஒரு வேலையும் செய்யாது. அதனால் புடைப்பை ஏற்றி இறக்கக்கூடிய கதிரையே மேல். கைப்பிடியில் முழங்கை வைக்கும்போது தோள் உயரக் கூடாது. உயரம் மாற்ற முடியாத கைப்பிடி உங்கள் அளவுக்குச் சரிவராவிட்டால் கைப்பிடியே இல்லாதது நல்லது. தலைச்சாய்வு கட்டாயமில்லை.

இருக்கும்போதே உயரத்தைக் கவனியுங்கள். பதினைந்து நிமிடத்துக்குள் மெல்ல இறங்கியிருந்தால் சிலிண்டர் பழுது.

வழக்கமாக உடுத்தும் உடுப்போடு போவதும் முக்கியம். சேலை, அபாயா, நீண்ட சால் உடுப்பவர்கள் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள், விளிம்பு சில்லில் மாட்டுகிறதா என்று. சில்லின் மேல் மூடி உள்ளதை எடுத்தால் சிக்கல் குறையும். இருக்கையில் சம்மணம் போட்டு இருக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குக் கைப்பிடி மேலே மடங்கும் கதிரை வசதி.

படி 6: உத்தரவாதம்

‘இரண்டு வருட வாரண்டி’ என்ற ஒரு வரி போதாது. சிலிண்டருக்கு எவ்வளவு காலம், காலுக்கு, சில்லுக்கு, துணிக்கு எவ்வளவு காலம் என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். பழுதானால் எங்கே திருத்துவார்கள் என்றும் கேளுங்கள். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். கதிரையை அங்கே அனுப்பும் செலவு உங்கள் தலையில் என்றால் அந்த உத்தரவாதத்தின் பெறுமதி பாதியாகிவிடும். உதிரிப் பாகம் ஊருக்கே வருமா என்பதுதான் கேள்வி. ஒன்லைனில் எடுப்பவர்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும், அவர்களால் இருந்து பார்க்கவும் முடியாது. முதல் படியில் எடுத்த மூன்று அளவுகளையும் விற்பனையாளருக்கு அனுப்பி, கதிரையின் குறைந்த உயரத்தையும் இருக்கை ஆழத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பாவித்த கதிரை எடுப்பதென்றால்

2022 இல் ரூபாய் சரிந்ததன் பிறகு இறக்குமதிக் கதிரைகளின் விலை பலருக்கு எட்டாமல் போனது. நல்ல நிறுவனத்தின் பாவித்த கதிரை, மலிவான புதுக் கதிரையை விட எத்தனையோ மேல் என்பது என் நிலைப்பாடு. சில்லையும் சிலிண்டரையும் மாற்றலாம், சட்டம்தான் நேராக இருக்க வேண்டும். தட்டையான தரையில் ஒரு கிளையை அழுத்தி ஆட்டிப் பாருங்கள். இருக்கையின் அடியில் உள்ள பலகை ஈரத்தில் ஊதியிருக்கிறதா, ஆணி பிடிக்கும் துளைகள் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பலகை ஊதிய கதிரைக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. இறங்கும் சிலிண்டரை வெல்டிங் கடையில் பற்றவைத்து நிறுத்துவது சிலர் வழக்கம். உள்ளே அழுத்தப்பட்ட வாயு இருக்கிறது. சூடுபடுத்துவதும் துளையிடுவதும் உயிருக்கே ஆபத்து. அப்படிப் பற்றவைத்த அடையாளம் உள்ள கதிரையைத் தொடவே வேண்டாம். சிலிண்டர் பழுதென்றால் கழற்றிப் புதிது போடுவது ஒன்றுதான் வழி.

வீட்டுக்கு வந்ததும்

பெட்டியில் பிரித்து வந்தால், எல்லா ஆணிகளையும் கையால் பாதி பூட்டிய பிறகே சாவியால் இறுக்குங்கள். ஒன்றை முதலிலேயே இறுக்கினால் மற்றத் துளை நேர்வராது. ஒரு மாதம் கழித்து எல்லாவற்றையும் மீண்டும் ஒருமுறை இறுக்குங்கள்.

சரிசெய்யும் ஒழுங்கு: முதலில் உயரம், பிறகு இருக்கை ஆழம், பிறகு முதுகுப் புடைப்பு, கடைசியாகக் கைப்பிடி. கணினித் திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வரட்டும், தூரம் ஒரு கை நீளம். மடிக்கணினி என்றால் அதைப் புத்தகங்களின் மேல் உயர்த்திவிட்டுத் தனிக் கீபோர்ட் ஒன்று வையுங்கள். இதைச் செய்யாமல் பிடரி நோவுக்குக் கதிரையைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

அடியில் உள்ள திருகுபிடி சாய்வின் இறுக்கத்துக்கானது. மெல்லச் சாய்ந்தால் முதுகு உங்களோடு வர வேண்டும், தள்ளவும் கூடாது, சரியவும் கூடாது. சாய்வைப் பூட்டி வைக்காதீர்கள். விறைப்பாக 90 பாகையில் இருப்பதுதான் சரி என்று பள்ளிக்கூடத்தில் படித்தது நம் மனதில் பதிந்துவிட்டது. 2006 இல் ஸ்கொட்லாந்தின் அபடீனில் 22 பேரை எம்.ஆர்.ஐ. மூலம் ஆராய்ந்தபோது, பாதம் தரையில் இருக்க 135 பாகை சாய்ந்திருக்கையில்தான் முள்ளந்தண்டின் தட்டுகள் மிகக் குறைவாக அசைந்தன. அவ்வளவு சாய்ந்து தட்டச்சுச் செய்ய முடியாதுதான். 100 முதல் 110 பாகை வேலைக்கு வசதி, தொலைபேசியில் பேசும்போது இன்னும் சாயலாம். அப்புறம், எவ்வளவு நல்ல கதிரையானாலும் அரை மணிக்கொரு தடவை எழும்பி ஒரு நடை நடக்க வேண்டும்.

நாரியிலிருந்து காலுக்கு வலி இறங்கினால், கால் மரத்தால், பலவீனமானால் அது கதிரைக்கடைக்குப் போகும் விஷயமில்லை. வைத்தியரிடம் போங்கள்.

புதுக் கதிரைக்கு இப்போது வழியில்லாதவர்களுக்கு

பிளாஸ்டிக் கதிரையில் இருந்து படிக்கும் வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகப் பிள்ளைகளை நினைத்து இதை எழுதுகிறேன். குளிக்கும் துவாயைச் சுருட்டி, சாய்வுக்கும் நாரி வளைவுக்கும் நடுவில் வையுங்கள், நழுவாமல் நாடாவால் கட்டுங்கள். இருக்கையில் மெல்லிய, இறுக்கமான மெத்தை ஒன்று. கால் எட்டாவிட்டால் காலடிப் பலகை. பிளாஸ்டிக் கதிரையின் இருக்கை பின்பக்கம் சரிந்திருக்கும், அதனால் மெத்தையின் பின்பகுதிக்குக் கீழே ஒரு மடித்த துணி வைத்து மட்டமாக்குங்கள். வீட்டில் பழைய பிரம்புப் பின்னல் கதிரை கிடந்தால் இன்னும் நல்லது. பின்னல் தொய்ந்திருந்தால் புதிதாகப் பின்னித் தரக்கூடியவர்கள் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

பராமரிப்பு

கடற்கரை வீடுகளில் கதிரையைக் கெடுப்பது காலோடு வரும் மணலும், தலைமயிரும்தான். சில்லைக் கழற்றிப் பார்த்தால் அச்சைச் சுற்றி மயிரும் நூலும் இறுகக் கட்டி, அதற்குள் மணல் புதைந்து கிடக்கும். சில்லு சுற்றாமல் இழுபடுவதும் மாபிள் கீறுவதும் அதனால்தான். கதிரையைச் சரித்துப் போட்டு, சில்லை நேராக இழுத்தால் கழன்று வரும். சவர அலகால் மயிரை வெட்டி எடுத்து, பழைய பல் துலக்கியால் மணலைத் தட்டிவிடுங்கள். வலையை ஈரத்துணியால் துடைத்துக் காற்றில் காயவிடுங்கள், நேர் வெயிலில் வைக்க வேண்டாம். மாரியில் இரும்பு ஆணித் தலைகளில் வஸ்லீன் மெல்லியதாகப் பூசினால் துரு அண்டாது. சில்லை மாற்றும் நாள் வந்தால் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். தண்டின் விட்டம் பெரும்பாலும் 11 மில்லிமீற்றர், ஆனால் 10 மில்லிமீற்றரிலும் வருகிறது. ஒரு மில்லிமீற்றர் சிறிதான தண்டு முதல் நாள் பொருந்துவது போலத் தெரியும், பிறகு கதிரையைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் கழன்று விழும்.